மண்டபம் பாசி ஜோடி தொடர்கதை: கடைசியில அவ பண்ணது லவ்வா, சரண்டரா?

கீழக்கரைக்காரி:
போன வாரம் முடிஞ்ச தொடரைப் படிச்சவங்க வாங்க. படிக்காதவங்களுக்கு: மண்டபத்துல ரெண்டு கடல்பாசி விஞ்ஞானி, ஒருத்தர் ஆராய்ச்சியை இன்னொருத்தர் மேடையிலயே கிழிகிழின்னு கிழிக்கிற ரகம். மூங்கில் மிதவையில வளக்குற பாசியால ஆபத்தே இல்லங்கிறது அவ கட்டுரை, அது பவளப்பாறைய மூடிரும்ங்கிறது அவன் கட்சி. அவளுக்கு வடநாட்டுக்கு டிரான்ஸ்ஃபர் வருது, புருஷன் பொண்டாட்டிய ஒரே ஊர்ல போடணும்ங்கிற கவர்மெண்ட் விதிய வச்சு தப்பிக்கப் பாக்குறா, அவனுக்கு அம்மாவை வச்சுப் பாக்க பெரிய குவார்ட்டர்ஸ் வேணும், ஆக பேப்பர்ல கல்யாணம். பாதி வரைக்கும் செம. கடைசியில அவனுக்காக இவ தன்னோட கட்டுரையை வாபஸ் வாங்குறா பாருங்க, போனைத் தூக்கிக் கடல்ல வீசலாம்னு வந்துச்சு.

பாம்பன் கச்சான்:
அக்கா கொஞ்சம் நில்லுங்க. அவன் சொன்னது நெசந்தானே? அவ மிதவையில வளக்குற அந்தப் பாசி, நம்ம ஆளுக பெப்சிப் பாசின்னு சொல்ற கப்பாபைகஸ், குருசடைத் தீவுல பவளப்பாறை மேல படர்ந்து மூடுனது கதாசிரியர் கட்டி விட்டதில்ல. குருசடையோட சேத்து மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் 1986லயே தேசியப் பூங்கா. ஆபத்தே கிடையாதுன்னு எழுதுன கட்டுரையை வாபஸ் வாங்குனா அது நேர்மை, சரண்டர் இல்ல.

கீழக்கரைக்காரி:
தப்புன்னு தெரிஞ்சு வாங்குனாளா தம்பி? அவன் காய்ச்சல்ல கெடக்கான், இவ மிளகு ரசம் வைக்கிறா, அவன் நோட்டுல பவளப்பாறைய பென்சில்ல வரைஞ்சு வச்சிருக்கதப் பாத்து அழுறா, அப்பவே பத்திரிகைக்கு மெயில் தட்டுறா. அந்த அத்தியாயத்துல டேட்டா எங்க இருக்கு, ரசந்தான் இருக்கு.

பதிவாபீஸ் மாப்ள:
நீங்க பாசிக்கு அடிச்சுக்கங்க, எனக்கு வேற டவுட்டு. திங்கக்கிழமை பேசி வெள்ளிக்கிழமை சர்ட்டிபிகேட்டோட நிக்கிறாங்களே எப்புடி? ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்னா 30 நாள் நோட்டீஸ் ஒட்டணும். போர்டுல பேரு தொங்குனா சாயங்காலத்துக்குள்ள ஊரே கூடிருமே 😂

சின்னப்பாலம் மருமக:
மாப்ள, ரெண்டு பேரும் இந்துன்னு முதல் அத்தியாயத்துலயே வருது. சொந்தபந்தம், சிநேகிதங்க முன்னால மாலை மாத்துனாலே கல்யாணம் செல்லும்னு நம்ம தமிழ்நாட்டுல 1967லயே சட்டத்தைத் திருத்தியாச்சு, மாத்திட்டுப் போயி பதிவு பண்ணிக்கலாம், அதுல ஓட்டை இல்ல. எனக்கு வயித்தெரிச்சல் வேற எடத்துல. மார்கழியில வடகடல்ல, அதான் பாக் நீரிணையில, மிதவை பக்கத்துல நின்னு ரொமான்ஸ் பண்றாங்க! வாடைக் காத்துல வடகடல்ல எவன் மிதவை போடுவான், மூங்கில் ஒருபக்கம் கயிறு ஒருபக்கம் போயிரும். தென்மேற்குக் கச்சான் காத்துக்குத் தென்கடல், அதான் மன்னார் வளைகுடா, ஆகாது, வாடைக்கு வடகடல் ஆகாது, இது எங்கூட்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும், ரெண்டு டாக்டருக்குத் தெரியலையாம். விரல்ல துணியச் சுத்திக்கிட்டு முங்கிப் பாசி எடுக்குற பொம்பளைங்க ஒரே வரியில வந்துட்டுப் போயிட்டாங்க. 12 அடிக்கு 12 அடி மிதவை, 45 நாள்ல அறுப்பு, அந்தக் காசுல ஸ்கூல் பீஸ் கட்டுறவ எங்க தெருவுலயே இருக்கா. கட்டுரை வாபஸ் ஆனா அடி யாருக்கு விழும்னு அந்த ஹீரோயின் ஒரு நிமிசம் யோசிச்சாளா?

பாம்பன் கச்சான்:
மதினி, அதே பொம்பளைங்க எடுக்குற மரிக்கொழுந்துப் பாசி பாறையிலதான வளருது. பாறைய மூடிட்டா அவங்க எங்க போயி முங்குவாங்க? அவன் பேச்சுலயும் வயித்துப்பாடு இருக்குல்ல.

சின்னப்பாலம் மருமக:
இருக்கு, யாரு இல்லேன்னா. அதுனாலதான் 2005லயே பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெக்கயும் மட்டும் வளத்துக்கங்கன்னு அரசாங்கம் ஆணை போட்டுச்சு. அந்த ஆணை கதையில ஒரு எடத்துல கூட வரல. வந்திருந்தா எங்க வளக்கலாம் எங்க கூடாதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து மேப்பை விரிச்சு சண்டை போட்டிருக்கணும். எனக்கு அந்தச் சண்டைதான் ரொமான்ஸ், ரசம் இல்ல.

பதிவாபீஸ் மாப்ள:
அப்ப கூட்டா ஒரே கட்டுரையாப் போட்டிருந்தா முடிஞ்சுபோச்சு.

கீழக்கரைக்காரி:
யாரு பேரு மொதல்ல?

பாம்பன் கச்சான்:
முங்கிப் பாத்தவன் அவன்.

கீழக்கரைக்காரி:
மிதவை அவளுது தம்பி. நாலு வருசக் கணக்கு அவ நோட்டுல இருக்கு. வாங்க, இதையும் பேசிருவோம்.