கரப்பான் ஸ்பிரே அடித்தபின் இருமல், இழுப்பு: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

ஓசூர் லைன் வீடு:
சிப்காட் பக்கம் குடியிருக்கிறோம். சமையலறைக்கு ஒரே ஒரு ஜன்னல், ஊர்க் குளிருக்கு அதையும் இரவில் சாத்திவிடுவோம். போன வாரம் படுக்கப் போகும் முன் சிங்குக்கு அடியிலும் அடுப்பு மேடை இடுக்கிலும் கரப்பான் ஸ்பிரே அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மகனுக்கு இருமல் ஆரம்பித்து, இழுப்பில் கொண்டுபோய் விட்டது. அவனுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. இன்ஹேலருக்கு அடங்கவில்லை, மருத்துவமனைக்குப் போய் நெபுலைசர் வைத்தோம். "வீட்டில் இன்றைக்குப் பெயிண்ட், சாம்பிராணி, கொசுவத்தி ஏதாவது உண்டா?" என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. வேறு யாருக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

பாலக்கோட்டுக்காரன்:
டின்னைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள் சார். பெரும்பாலும் சைபர்மெத்ரின், இமிப்ரோத்ரின் என்று இருக்கும். அந்த சைபர்மெத்ரின் எங்களுக்குப் பழைய ஆள், காய்கறிக்கு அடிக்கிற மருந்து. டின்னில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். ஆனால் கொல்லையில் நாங்கள் காற்றுக்கு முதுகு காட்டி, மூக்கில் துண்டு கட்டி அடிக்கிறோம். வீட்டில் கதவைச் சாத்தி அடித்துவிட்டு அதே அறையில் பாய் விரிக்கிறார்கள்!

தோலில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பட்ட உடனே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து முகம் மிளகாய் பூசினாற்போல எரியும், ஊசி குத்தும், உதடு மரத்துப்போகும். வியர்த்தால் இன்னும் அதிகம். அலர்ஜி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோலில் இருக்கிற நரம்பு முனைகளை மருந்து உசுப்பிவிடுவதால் வருகிறது என்று வேளாண் அலுவலர் சொன்னார். சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பாலும் மறுநாளுக்குள் போய்விடும். கண்ணில் பட்டால் மட்டும் விளையாடாதீர்கள், ஓடுகிற தண்ணீரில் நிறைய நேரம் கழுவ வேண்டும்.

தருமபுரி டவுன்:
எங்கள் வீட்டில் பல வருடமாக அடிக்கிறோம், யாருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. பூவிலிருந்து எடுக்கிற மருந்துதானே, எதற்கு இவ்வளவு பயம்?

பாலக்கோட்டுக்காரன்:
ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தொண்டைக் கரகரப்பு, தலைவலியோடு முடிந்துவிடும், அது சரிதான். இழுப்பு இருக்கிறவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது. பூ விஷயமும் பாதிதான் உண்மை. சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுத்த பைரெத்ரம்தான் மூலம், அது வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். இப்போது டின்னில் வருவது அதைப் பார்த்து ஆலையில் செய்தது. சைபர்மெத்ரின் மாதிரியானவை வெயிலையும் தாங்கி நிற்கும். வெயிலே படாத அலமாரி இடுக்கில் கேட்கவே வேண்டாம்.

அரூர் அக்கா:
எங்கள் வீட்டில் முதலில் போனது தொட்டி மீன். ஹாலில் கொசுவுக்கு அடித்தார்கள், காலையில் எல்லாம் மிதந்தது. மீனுக்கு இந்த மருந்து கடும் விஷமாம். பூனை இருந்தாலும் ஜாக்கிரதை. இதைச் செரித்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு என்று கால்நடை டாக்டர் சொன்னார்.

கிருஷ்ணகிரி நர்ஸ்:
அவசரப் பிரிவில் வேலை பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன். குழந்தை கொசு லிக்விடையோ ஸ்பிரேயையோ குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பலவற்றில் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் உண்டு. வாந்தியில் அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. 108-ஐ அழையுங்கள், டின்னையும் கையோடு கொண்டு வாருங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

பரணில் டைக்குளோர்வாஸ் என்ற பழைய பூச்சிக்கொல்லி பாட்டில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். 2020 முடிவோடு தடை செய்யப்பட்டது, இது இந்த ஸ்பிரே மருந்து இல்லை, வேறு ரகம். எச்சில் வடிவது, வியர்த்துக் கொட்டுவது, கண்மணி சிறுத்துப்போவது என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஓசூர் லைன் வீடு:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஸ்பிரேயை நிறுத்தியாயிற்று. அலமாரிக் கீலிலும் சிங்குக்கு அடியிலும் கரப்பான் ஜெல் பொட்டு வைத்திருக்கிறோம், சாக்கடைக் குழாய் வாய்க்கு வலை. ஸ்பிரே டின்னில் இன்னும் பாதி இருக்கிறது. அதை எப்படி ஒழிப்பது?

கிருஷ்ணகிரி நர்ஸ்:
எரிக்கவோ ஓட்டை போடவோ வேண்டாம், உள்ளே இருப்பது பெரும்பாலும் எரிகிற வாயு. தனியாகக் கட்டி, என்ன டின் என்று சொல்லியே தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். அதுவரை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்.