அணி தோற்ற மறுநாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, உங்களுக்கும் இப்படித்தானா?

கன்னர்பித்தன்:

கால்பந்து பார்க்காதவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் ரசிகன். ஹென்றி, பெர்காம்ப் காலத்தில் பிடித்த பைத்தியம். 2003-04 சீசனில் லீகில் ஒரு தோல்விகூட இல்லாமல் கோப்பை எடுத்த அணியைப் பார்த்து வளர்ந்தவன், 49 லீக் ஆட்டம் வரிசையாகத் தோற்காத அணி அது, அதைப் பார்த்தவனுக்கு வாழ்க்கை முழுக்க இப்படியேதான் போகும் என்று தோன்றாமல் என்ன செய்யும். அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2022-23இல் 248 நாள் முதலிடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் மான்செஸ்டர் சிட்டியிடம் பட்டத்தைப் பறிகொடுத்தோம். அடுத்த சீசனில் 89 புள்ளி எடுத்தோம், அவர்கள் 91.

கோப்பை கிடைக்காததைக்கூடத் தாங்கிவிடலாம். மறுநாளைத்தான் தாங்க முடியவில்லை. தோற்றால் அன்று ராத்திரி தூக்கம் இல்லை, காலையில் எழுந்ததும் அந்தத் தவறவிட்ட கோல் வாய்ப்புதான் முதலில் கண்முன் வருகிறது. ஆபீஸில் கால்பந்தின் விதிகூடத் தெரியாத ஒருவர் "என்ன, உங்க ஆளுங்க தோத்துட்டாங்களாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்பார், அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவே பெரிய பொறுமை வேண்டியிருக்கிறது. பையன் பந்தை எடுத்துக்கொண்டு விளையாட வாப்பா என்று கூப்பிட்டால் "அப்புறம்டா" என்கிறேன். கால்பந்து தோற்றதற்காகக் கால்பந்து விளையாட மாட்டேன் என்கிறேன், இதில் என்ன நியாயம் என்று எனக்கே தெரியவில்லை. ஜெயித்தாலாவது சந்தோஷம் நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை, ஹைலைட்ஸ் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த வார ஆட்டத்தின் கவலை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா, இருந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? "பார்ப்பதை விட்டுவிடு" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.

சென்டர்பேக்5:

நண்பா, உங்களைக் கெடுப்பது கால்பந்து இல்லை, கையில் இருக்கும் போன்.

யோசித்துப் பாருங்கள். ஆட்டம் 90 நிமிடம், இடைவேளை, கடைசியில் கூட்டித் தரும் நிமிடங்கள் எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குத் தோற்றால் இரண்டு மணி நேரம் வருத்தப்படலாம், நியாயம்தான். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? விசில் ஊதியதும் குரூப்பில் சண்டை, அப்புறம் வீரர்களுக்கு மதிப்பெண் போடும் வீடியோ, அப்புறம் எதிரணி ரசிகன் ஒருவன் போட்ட மீம், அவனுக்குப் பதில், அந்தப் பதிலுக்குப் பதில். செவ்வாய்க்கிழமை வரை அதே தோல்வியை ஓட்டிக்கொண்டே இருக்கிறோம். முன்பெல்லாம் தோற்றால் மறுநாள் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பாமல் விட்டால் போதும், விஷயம் முடிந்தது. இப்போது அந்தப் பக்கம் நம்மைத் தேடி வருகிறது, அதுவும் நீங்கள் கோபப்பட்டு எதைத் தொட்டீர்களோ அதையேதான் அடுத்ததாகக் கொண்டுவந்து காட்டும்.

ஃபேன்டஸி லீக் ஆடுகிறீர்களா, அதுதான் நிஜ வீரர்களைப் பொறுக்கி நாமே ஒரு அணி போட்டு, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி வாங்கும் அந்த விளையாட்டு? ஆடினால் அதுதான் பெரிய எமன். உங்கள் அணி ஜெயித்திருக்கும், ஆனால் நீங்கள் கேப்டன் போட்ட ஆள் பெனால்டியைத் தவறவிட்டிருப்பான், இரட்டைப் புள்ளி போச்சு என்று ஜெயித்த அன்றும் மூஞ்சி தொங்கும். இதையெல்லாம் நாமே சேர்த்துக்கொண்டதுதானே, கால்பந்தா சேர்க்கச் சொன்னது?

நான் செய்வது ஒன்றுதான். தோற்றால் மறுநாள் சாயங்காலம் வரை எந்தக் கால்பந்துப் பக்கத்தையும் திறப்பதில்லை, குரூப் எல்லாம் மியூட். ஜெயித்தால் எல்லாவற்றையும் திறந்து திகட்டத் திகட்டப் பார்ப்பேன். சுயநலம்தான், இருக்கட்டுமே.

எக்ஸ்ஜி_சுப்பு:

சென்டர்பேக் சொல்வது பாதி சரி. போன் வருவதற்கு முன்பே இந்த நோய் இருந்தது.

சசெக்ஸ் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. போனில் அவ்வப்போது "இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்" என்று கேட்கும் ஒரு செயலியின் தரவை எடுத்து, ஆட்டம் நடக்கும் நேரங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். வெற்றி தரும் மகிழ்ச்சியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வலி தோல்வியில். கணக்குப்படிப் பார்த்தால் பாதி ஆட்டம் ஜெயித்துப் பாதி ஆட்டம் தோற்கும் அணியின் ரசிகன் வருடக் கடைசியில் பெரிய நஷ்டத்தில் நிற்கிறான். பகுத்தறிவு உள்ள எவனும் இந்த வியாபாரம் செய்யமாட்டான். ஆனால் ஆட்டத்துக்கு முந்தைய மணி நேரங்களில் ரசிகர்கள் கொஞ்சம் கூடுதல் மகிழ்ச்சியாக இருப்பதும் அதே ஆய்வில் தெரிகிறது, எனக்கு அதுதான் பிடித்த பகுதி. எதிர்பார்ப்புக்காகத்தான் நாம் வருகிறோம் போல. டீம் லிஸ்ட் வெளியாகும் அந்த நேரம் இருக்கிறதே, அப்போது எந்த அணியும் இன்னும் தோற்றிருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோற்றதும் "ஏன், ஏன்" என்று காரணம் தோண்டுகிறோமே, அதில் பாதிக்கு மேல் காரணமே இருக்காது. ஒரு ஆட்டத்தில் இரண்டு மூன்று கோல் விழுகிற விளையாட்டு இது. கூடைப்பந்து மாதிரி நூறு புள்ளி போட்டால் நல்ல அணி எப்படியும் மேலே வந்துவிடும், இங்கே ஒரு பந்து யாரோ ஒருவன் முழங்காலில் பட்டுத் திரும்பி உள்ளே போனால் கதை முடிந்தது. பெனால்டிகூட ஏறக்குறைய நாலில் மூன்றுதான் உள்ளே போகிறது. உலக சாம்பியனாக 2018 உலகக் கோப்பைக்குப் போன ஜெர்மனி, தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்று முதல் சுற்றான குரூப் சுற்றிலேயே வெளியேறியது. 2022இல் கத்தாரில் கோப்பை தூக்கிய அர்ஜென்டினா முதல் ஆட்டத்தில் சவூதியிடம் தோற்ற அணி. அந்த இறுதி ஆட்டத்திலும் 3-3 என்று இருக்கும்போது கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் பிரான்சின் கோலோ முவானி அடித்ததை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்தார். அந்தக் கால் கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால் இன்று மெஸ்ஸியைப் பற்றி நாம் பேசுவதே வேறு மாதிரி இருக்கும். இப்படிப்பட்ட விளையாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தோல்விக்கு ஆழமான அர்த்தம் தேடுவது வீண் வேலை. எனக்கு இது புரிந்த பிறகு வருத்தம் குறையவில்லை, ஆனால் கோபம் நன்றாகக் குறைந்துவிட்டது.

ரசிகரின்_மனைவி:

நான் கால்பந்து ரசிகை இல்லை, உங்களைப்போல ஒருவரோடு குடும்பம் நடத்துகிறவள். கேள்வியில் பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இந்தப் பதில்.

எங்கள் வீட்டில் ஆட்டம் முடிந்ததும் யாரும் முடிவு என்ன என்று கேட்பதில்லை. அவர் ரிமோட்டை வைக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் மகள் மெதுவாக நடப்பாள், நான் கேட்க வேண்டியதை நாளைக்குத் தள்ளி வைப்பேன். அவர் கத்தமாட்டார், ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். ஆனாலும் பதினோரு பேர் எங்கேயோ சரியாக ஓடாததற்கு வீட்டில் மூன்று பேர் அடங்கி இருக்கிறோம். அவருக்கு அது தெரியவே இல்லை, "நான்தான் ஒன்றும் சொல்லவில்லையே" என்பார். சொல்லாமல் இருப்பதுதான் சார் கனம்.

எல்லா வீட்டிலும் இதோடு நின்றுவிடுவதில்லை. இங்கிலாந்தில் லங்காஷயர் போலீஸ் பதிவுகளை வைத்து 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் வீட்டு வன்முறைப் புகார்கள் 38 சதவீதம் அதிகம். ஜெயித்தாலோ டிரா ஆனாலோகூட 26 சதவீதம் அதிகம். இந்த இரண்டாவது எண்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் வீடு அப்படி என்று சொல்லவில்லை, எங்கள் வீடும் அப்படி இல்லை. ஆனால் மேலே இருவரும் உங்கள் வருத்தத்தை எப்படிக் குறைப்பது என்றே பேசுகிறீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தோற்றால் அவர் ஒரு மணி நேரம் வெளியே நடக்கப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். திரும்பி வந்தால் வீட்டு மனிதராக வரவேண்டும். பெரும்பாலும் நடக்கிறது. டெர்பி, அதாவது பக்கத்து ஊர்ப் பரம எதிரியோடு ஆட்டம் என்றால் நடப்பதில்லை.

இரவுஷிப்ட்:

மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், சின்னதாக ஒரு சேர்க்கை. 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் பகுதியில் எடுத்த ஆய்வில், ஜெர்மனி ஆடிய நாட்களில் மாரடைப்பு போன்ற இதய அவசரங்கள் மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு இருந்தன. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வயதில் மூத்த ரசிகர்கள் மாத்திரையை ஆட்டம் முடிந்து போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், நெஞ்சில் பாரமாக இருந்தால் "பெனால்டி ஷூட்அவுட் முடியட்டும்" என்று உட்காராதீர்கள். அவ்வளவுதான், தொடருங்கள்.

நாலுநிமிஷ_சாம்பியன்:

தம்பி, 248 நாள் முதலிடம் என்று வருத்தப்படுகிறாய். நான் ஜெர்மனியின் ஷால்கே கிளப் ரசிகன். நாங்கள் நாலு நிமிடம் சாம்பியன்.

2001 மே 19, ஜெர்மன் லீகின் கடைசி நாள். எங்கள் ஆட்டம் உன்டர்ஹாகிங் அணியோடு, 5-3 என்று ஜெயித்து முடித்தாகிவிட்டது. பட்டத்துக்கு எங்களோடு மோதிய பயர்ன் மியூனிக்குக்கு, ஹாம்பர்க் அணியோடு அதன் மைதானத்தில் ஒரு டிரா போதும். அங்கே 90ஆவது நிமிடம் பார்பரேஸ் கோல் அடிக்கிறார், ஹாம்பர்க் 1-0. எங்கள் மைதானத்தில் செய்தி பரவியதும் கூட்டம் உள்ளே பாய்ந்துவிட்டது, வீரர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், 1958க்குப் பிறகு முதல் லீக் பட்டம். அங்கே ஆட்டம் முடியவில்லை என்பது அப்புறம்தான் தெரிகிறது. சக வீரர் தட்டிய பந்தை ஹாம்பர்க் கோல்கீப்பர் கையால் எடுத்துவிட்டார், சக வீரர் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தை கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது, ரெஃப்ரி அதை பேக்பாஸ் என்று சொல்லி கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள்ளேயே பயர்னுக்கு இன்டைரக்ட் ஃப்ரீகிக் கொடுத்தார், 94ஆவது நிமிடம் பயர்னின் ஆண்டர்சன் அத்தனை கால்களுக்கும் நடுவில் அடித்தது உள்ளே போனது. 1-1. பயர்ன் சாம்பியன். அந்தக் கோல்கீப்பர் ஷோபர் யார் தெரியுமா, எங்கள் கிளப்பிலிருந்து கடனுக்குப் போனவர்! இதை யாராவது கதையாக எழுதிக் கொடுத்தால் நம்பமாட்டோம்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வாரம். ஒரே வாரத்தில் ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம், அதே வீரர்கள், அதே ரசிகர்கள், 2-0 என்று ஜெயித்தார்கள். எல்லாரும் நாலு நிமிடத்தைப் பற்றியே பேசுகிறார்கள், அந்த வாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்குப் பிறகு லீக் பட்டமே வரவில்லை, 2021இல் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கினோம், ஏறினோம், 2023இல் மறுபடி இறங்கினோம். இரண்டாம் டிவிஷனிலும் மைதானத்துக்கு அறுபதாயிரம் பேர் வந்தார்கள். ஜெயிப்பதற்காக மட்டும் என்றால் அவர்கள் எப்போதோ வேறு கிளப்புக்கு மாறியிருப்பார்கள்.

அதனால் என் யோசனை போனை அணைப்பது இல்லை, நடக்கப் போவதும் இல்லை. தனியாகப் பார்க்காதே. தோற்றதும் கூடவே உட்கார்ந்து சலித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், முடிந்தால் எதிரணி ரசிகனாக இல்லாத ஆள்.

கன்னர்பித்தன்:

எல்லாருக்கும் நன்றி. ரசிகரின்_மனைவி எழுதியதை என் மனைவியிடம் காட்டினேன், அவர் ஒன்றுமே சொல்லாமல் போனை வாங்கி மறுபடியும் படித்தார். ஒரு மணி நேர நடை எங்கள் வீட்டிலும் அமலுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குரூப்பை மியூட் செய்கிறேன். ஃபேன்டஸியை விடமாட்டேன் சென்டர்பேக், மச்சானைவிட மேலே இருக்கிறேன், இந்த நேரத்தில் விட்டால் பயந்து ஓடியதாக ஆகிவிடும். அண்ணே, ஷால்கே கதை தெரியும், ஆனால் கோல்கீப்பர் உங்கள் ஆள்தான் என்பது தெரியாது. கொடுமை.

ஒரு கேள்வி. நள்ளிரவு ஆட்டங்களை ரெக்கார்ட் செய்து காலையில் பையனோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன், தூக்கமும் மிஞ்சும். ஆனால் முடிவு தெரியாமல் காலை வரை தப்பிப்பது எப்படி?

சென்டர்பேக்5:

மச்சானுக்காகவா? அப்போது சரி, ஆடுங்கள்.

ரெக்கார்ட் பார்ப்பதற்கு: கிளப் ஆப், ஸ்கோர் ஆப் இரண்டின் நோட்டிஃபிகேஷனையும் முந்தைய நாளே அணைத்துவிடுங்கள். காலையில் வீடியோவைத் தேடாதீர்கள், தேடினால் முகப்புப் படத்திலேயே யார் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்துவிடும், முன்பே சேமித்து வைத்த இடத்திலிருந்து நேராகத் திறக்க வேண்டும். தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் ஆட்டம் என்றால் வீடியோவின் மொத்த நீளத்தைப் பார்க்கவே கூடாது, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் என்றால் கூடுதல் நேரம் போயிருக்கிறது என்று அர்த்தம், அப்புறம் 85ஆவது நிமிடம் உங்கள் அணி கோல் அடித்தாலும் எதிரணி திருப்பி அடிக்கப்போகிறது என்பது தெரிந்தே பார்க்க வேண்டியிருக்கும். கீழே ஓடும் அந்த நேரக்கோட்டை ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிடுங்கள். அந்த வேலையைப் பையனிடம் கொடுங்கள்.