அப்பாவின் 77 பத்மினி: கையில் மூன்றரை லட்சம், முதலில் எதில் கை வைப்பது?

மலையோரத்தான்:

வணக்கம். குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. அப்பா 1977-ல் புதிதாக எடுத்த பிரீமியர் பத்மினி இன்னும் வீட்டில்தான் நிற்கிறது. அவர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது, அதன் பிறகு யாரும் எடுத்து ஓட்டவில்லை, ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டின் ஓரமாக விட்டு மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினோம், அவ்வளவுதான். நான் வளைகுடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்டேன், இந்த வண்டிக்கென்று மூன்றரை லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அப்படியே பழையபடி ஆக்குவதில் எனக்கு ஆசை இல்லை, என் விருப்பப்படி செய்ய வேண்டும். மேலே கிரீம், கீழே கரும்பச்சை என்று இரட்டை நிறம், அலாய் வீல், முன்னால் டிஸ்க் பிரேக், ஏசி, ஸ்டியரிங்கில் இருக்கிற கியரைத் தரைக்குக் கொண்டுவந்து ஐந்து கியர், முடிந்தால் ஏதாவது புது வண்டியின் இஞ்சின். தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம், பெண்ணை இந்த வண்டியில்தான் மண்டபத்துக்குக் கூட்டிப் போவோம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் (அதுதான் தப்போ என்னவோ). இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

தெரிந்த பெயிண்டர் ஒருவருக்கு இந்த மாதம் வேலை குறைவு. முதலில் பெயிண்டை முடித்துவிடலாம், வண்டி வண்டி மாதிரித் தெரிந்தால்தான் மற்ற வேலைக்கு மனசு வரும் என்கிறார். எனக்கும் சரி என்றுதான் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எதை முதலில் செய்வது?

முட்டம் காற்று:

மக்கா, அந்தப் பெயிண்டருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவை. இதே தப்பைச் செய்தவன் நான். என்னுடையது அம்பாசடர். கடற்கரையில் வீடு, உப்புக்காற்றுக்குச் சொல்ல வேண்டாம். பளபளவென்று பெயிண்ட் அடித்து நாலு மாதம் கழித்து மாமியாரைப் பின்சீட்டில் உட்கார வைத்து வெள்ளிச்சந்தை வரைக்கும்தான் போனேன், அவர்கள் கால் வைத்திருந்த தகடு அப்படியே கீழே இறங்கிவிட்டது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மரியாதைதான் போயிற்று. அப்புறம் தரைத் தகட்டை வெட்டி வெல்டிங் வைத்தார்கள், அந்தச் சூட்டில் கதவுக்குக் கீழே அடித்திருந்த புதுப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ஒரு வண்டிக்கு இரண்டு தடவை பெயிண்ட் காசு கொடுத்தேன்.

உன் வண்டியில் எனக்குப் பயம் தார்ப்பாயும் ரப்பர் ஷெட்டும்தான். ரப்பர் பால் உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிற இடம் அது, அந்த ஆவி ஒன்பது வருடம் தகட்டைத் தின்றிருக்கும். நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் காயவே காயாது. பத்மினிக்கு அம்பாசடரைப் போலவே தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேசிஸ். கதவுக்கு அடியில் ஓடுகிற பெட்டித் தகடு போனால் வண்டியின் முதுகெலும்பே போனது மாதிரி.

நாளைக்கே செய்ய வேண்டியது இது. கார்ப்பெட்டை உரி. ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரை, கதவடி, ஜாக்கி வைக்கிற இடம், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கிற குழி எல்லாவற்றையும் குத்திப் பார். குத்தப் பயப்படாதே, இறங்குகிற இடம் ஏற்கெனவே செத்த இடம்தான். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வெளிப்பக்கம் முழுக்க ஓட்டு, ஒட்டாத இடத்தில் பட்டிதான் இருக்கிறது, தகடு இல்லை. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் அடைத்திருந்தால் குத்தித் திறந்து விடு. மூன்றரை லட்சத்தில் டிங்கரிங்குக்கு (தகடு வேலைக்கு) எவ்வளவு போகும் என்று இந்தக் குத்துதான் சொல்லும், நாங்கள் யாரும் சொல்ல முடியாது.

கோட்டாறு லேத்:

முட்டத்துக்காரர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு திருத்தம். டிங்கரிங் முடிந்ததும் பெயிண்டுக்குப் போகாதீர்கள், நடுவில் வண்டி நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், அப்புறம்தான் ஓட வேண்டும். எல்லோரும் ஓடுவதில் தொடங்குகிறார்கள். பத்மினிக்கு 1089 சிசி, நாற்பது சொச்சம் குதிரைத்திறன், அதற்கே நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதில் இரண்டு மடங்கு பவர் உள்ள இஞ்சினை வைத்துப் பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு மலையில் இறங்கிப் பார்க்கிறேன் என்றால் நான் உங்களோடு வரமாட்டேன்.

பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாமே புதிது போட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஒன்பது வருடத்தில் உள்ளே துருப்பிடித்திருக்கும். டிஸ்க் ஆசை தப்பில்லை, ஆனால் டிரம்மை ஒழுங்காகக் கடைந்து புது லைனர் போட்டாலே இந்த எடைக்கும் வேகத்துக்கும் தாராளம். ஸ்டியரிங்கில் கிங் பின் (முன்சக்கரம் திரும்புகிற அச்சு), டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு), ஸ்டியரிங் பாக்ஸ் ஆட்டம் மூன்றையும் பாருங்கள். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்கு நடுவே ஆடி மாதம் ஒரு தடவை போனால் ஸ்டியரிங்கில் எவ்வளவு ஆட்டம் என்று தானாகத் தெரிந்துவிடும்.

இஞ்சினுக்கு வருவோம். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறட்டும், அப்புறம் கையால் பைய சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. டேங்கில் கிடக்கிற பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், கழற்றிக் கழுவ வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது, அது அந்தக் காலத்து ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும், அதனால் பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் கட்டாயம் மாற்றுங்கள், இஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இஞ்சினை ஒரு தடவை கீழே இறக்கினால் கிளட்ச், ஆயில் சீல், மவுண்டிங் எல்லாவற்றையும் அப்போதே முடித்துவிடுங்கள், இரண்டு தடவை இறக்குகிற கூலி வீண். ஏசியை மறந்துவிடுங்கள். இருக்கிற நாற்பதில் ஏசிக்கு எடுத்துக் கொடுத்தால் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பழைய ஆர்சி புக்:

எல்லோரும் இரும்பைப் பார்க்கிறீர்கள், காகிதத்தை யாரும் கேட்கவில்லை. வண்டி இன்னும் அப்பா பெயரிலா? அப்படியென்றால் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஆர்சியை (பதிவுச் சான்றை) 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் காருக்கு 500 ரூபாய் தனியாகச் சேரும். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தையே 2025-ல் 5,000-லிருந்து 10,000 ஆக்கிவிட்டார்கள். ஒன்பது வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், உங்கள் அலாய் வீல் காசு அதிலேயே போகும்.

இரண்டாவது விஷயம் அதைவிடப் பெரிது. இஞ்சினை மாற்ற ஆர்டிஓவிடம் முன் அனுமதி வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. இன்னொன்று, 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும், பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டிக்கு 2027-ல் 50 வயது. ஆனால் பாடி, சேசிஸ், இஞ்சின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும், அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்றுதான் எடுக்கலாம். ஆக ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சுற்ற வண்டியா, காட்சிக்கு வைக்க வண்டியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வீலும் நிறமும் அதற்குப் பிறகு.

மலையோரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குத்திப் பார்த்தேன். டிரைவர் பக்கத் தரையில் ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் இறங்கிவிட்டது, கீழே ஷெட்டின் மண் தெரிகிறது. இடது கதவடித் தகடு பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. வலது கதவடி கொள்ளாம், சத்தம் கெட்டியாக இருக்கிறது. இஞ்சின் மூன்றாம் நாள் கையால் சுற்றியது, அந்த ஒரு நிமிடம் அப்பாவே பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது.

குடும்ப வண்டி என்றே முடிவு செய்துவிட்டேன், விண்டேஜ் வேண்டாம். இஞ்சின் மாற்றம், ஏசி, ஐந்து கியர் மூன்றையும் அடித்துவிட்டேன். அப்பா ஓட்டிய அதே ஸ்டியரிங் கியர் இருக்கட்டும். இரட்டை நிறம் மட்டும் விடமாட்டேன், ஆனால் கடைசியில்தான், நிற மாற்றத்தை ஆர்சியிலும் ஏற்றிவிடுவேன். அக்காவிடம் கல்யாணத்துக்கு வாடகைக் கார் பிடிக்கச் சொல்லிவிட்டேன், இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முட்டம் காற்று:

அக்கா வளைகாப்புக்குள் சமாதானம் ஆகிவிடுவாள். ஒன்று சொல்ல மறந்தேன். கிரில், கண்ணாடி பீடிங் (கண்ணாடியைச் சுற்றி வருகிற ரப்பர்), கதவுக் கைப்பிடி, டெயில் லாம்ப் இவற்றை மட்டும் வரிசையில் கடைசிக்குத் தள்ளாதே, இப்போதே தேடத் தொடங்கு. பிரேக் சாமானைக்கூட வேறு வண்டியுடையதைப் பார்த்துப் பொருத்திவிடலாம், இவற்றுக்கு மாற்று இல்லை. பம்பாய் டாக்ஸிகள் ஓடிய வரைக்கும் சாமான் புழக்கத்தில் இருந்தது, 2023 அக்டோபரோடு அங்கே பத்மினி டாக்ஸியும் முடிந்துவிட்டது. சென்னை போகிற ஆள் இருந்தால் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல். என்னிடம் பத்மினியின் முன்கண்ணாடி பீடிங் ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது, அம்பாசடருக்கு என்று தப்பாக வாங்கியது. திங்கள்சந்தைக்கு வருகிற அன்று சொல், கொண்டுவந்து தருகிறேன். காசு வேண்டாம், ஒரு கட்டு ரப்பர் ஷீட் இருந்தால் கொண்டு வா, வண்டி ஷெட்டில் தரையில் விரிக்க ஆகும்.