கையா தரவு: ஸ்கல்ப்டர் குறுமண்டலத்தில் செம்பெருமீன் கிளை தெரியவில்லை, உதவுங்கள்

தக்கலை மாணவி
முதுகலை இயற்பியல் திட்டப்பணிக்காக ஸ்கல்ப்டர் குறு விண்மீன் மண்டலத்தின் ஒளியளவியலை எடுத்திருக்கிறேன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலத் தரவின் 2022இல் வந்த மூன்றாம் வெளியீட்டிலிருந்து, அதன் மையத்தைச் சுற்றி ஒரு பாகைக்குள் இருக்கும் விண்மீன்களை இறக்கினேன். இடமாறு தோற்றக் கோணத்தை (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் அளவு) வைத்து ஒவ்வொன்றின் தூரத்தையும் தனி ஒளிப்பொலிவெண்ணையும் (உண்மையான ஒளிர்வின் அளவு; எண் கூடினால் மங்கல்) கணக்கிட்டு, நிறத்துக்கு எதிராக வரைந்தேன். வந்தது வெறும் புள்ளிக் கூட்டம்; செம்பெருமீன் கிளை, அதாவது முதிர்ந்து பெருத்த சிவப்பு விண்மீன்கள் படத்தில் அமையும் பட்டை, தெரியவில்லை. ஏராளமான விண்மீன்களுக்கு நிரல் விடையே தரவில்லை. தரவில்தான் பழுது என்கிறார் வழிகாட்டி.

நாகர்கோவில் ஆசிரியர்
தரவைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. ஸ்கல்ப்டர் ஏறத்தாழ 2.8 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அங்கிருக்கும் விண்மீனின் இடமாறு கோணம் சுமார் 0.012 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு ஆர்க்செகண்ட், அதன் ஆயிரத்தில் ஒன்று). கையாவின் பிழையோ 17ஆம் ஒளிப்பொலிவெண்ணிலேயே 0.07; 20இல் 0.5. அதனால் மண்டலத்து விண்மீன்களில் பாதிக்கு நெருக்கமாகக் கோணம் குறை எண்ணாக வந்து நிற்கும். குறை எண்ணுக்கு மடக்கை எடுக்கச் சொன்னால் நிரல் என்ன செய்யும்?

விடை கிடைத்த விண்மீன்கள்தான் அதைவிட ஆபத்து. பிழையால் 0.15 என்று பதிவான 18ஆம் எண் செம்பெருமீன், சுமார் 22,000 ஒளியாண்டில் இருக்கும் சூரியன் போன்ற விண்மீனாக உங்கள் படத்தில் உட்கார்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே தூரத்தை வையுங்கள்: தோற்ற எண்ணிலிருந்து 19.7ஐக் கழித்தால் போதும். இடமாறு கோணம், நடுவே குறுக்கிடும் நம் பால்வழி விண்மீன்களைக் களைய மட்டுமே உதவும். அதைவிட நல்ல சல்லடை சொந்த நகர்வு, அதாவது விண்மீன் வானில் ஆண்டுதோறும் நகரும் கோணம். ஸ்கல்ப்டரின் நகர்வு ஆண்டுக்குக் கிழக்கே சுமார் 0.10, தெற்கே 0.16 மில்லி ஆர்க்செகண்ட். ஒவ்வொரு விண்மீனின் பிழைக்கும் ஏற்ப வரம்பைத் தளர்த்துங்கள். ஒரே வட்டம் போட்டால் மங்கலானவை வெளியே போய்விடும்.

குளச்சல்காரன்
இடையில் ஒரு கேள்வி. முட்டம் கடற்கரையில் தெற்கே விளக்கே இல்லை. நாமே படமெடுத்து அளக்க முடியாதா?

நாகர்கோவில் ஆசிரியர்
தம்பி, இங்கிருந்து அது தெற்கே 48 பாகை உயரம் வரை ஏறும். ஆனால் மாலையில் வசதியாகத் தெரியும் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. போதாததற்கு அதன் மிகப் பிரகாசமான செம்பெருமீன்களே 17ஆம் எண்ணை ஒட்டியவை. உப்புக் காற்றில் கருவி கெடுவதுதான் மிச்சம்.

தக்கலை மாணவி
கிளை வந்துவிட்டது, நன்றி ஐயா! ஆனால் தடிமனாக இருக்கிறது. இடையிலுள்ள தூசி ஒளியைச் சிவப்பாக்குவதற்கான திருத்தம் செய்யாததாலா?

நாகர்கோவில் ஆசிரியர்
ஸ்கல்ப்டர் பால்வழியின் தென்துருவத்துக்கு அருகில் இருப்பதால் அங்கே தூசி மிகக் குறைவு. திருத்தம் செய்தாலும் கிளை ஒல்லியாகாது. 19.5ஆம் எண்ணைவிட மங்கியவற்றை முதலில் நீக்குங்கள், அங்கே நீல வடிகட்டி அளவு நம்பத்தக்கதல்ல. பிறகு 18ஆம் எண்ணருகே கிளையின் அகலத்தை நிறப்பிழையோடு ஒப்பிடுங்கள். அகலம் கூடுதலாக இருந்தால் அது உண்மையானது: அங்கே உலோகச் செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) வேறுபட்ட இரு தலைமுறைகள் உண்டு, செறிவு மிகுந்தவை மையத்தில் நெருங்கியிருக்கும். மையத்திலிருந்து 10 கலைக்குள் (ஒரு பாகையில் 60 கலை) இருப்பவற்றையும் வெளிப்பகுதியையும் தனித்தனியே வரைந்து வழிகாட்டியிடம் காட்டுங்கள்.