அடியில் பெயர் தேய்ந்த ஜாகுவார் பொம்மைக் கார்: யார் தயாரித்தது?

உறையூரான்:
வணக்கம். பெரியப்பா வீட்டைக் காலி செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டியில் மூன்று உலோகப் பொம்மை வண்டிகள் கிடைத்தன. இந்தத் துறைக்கு நான் புதிது. யார் தயாரித்தவை என்று கண்டுபிடிக்க உதவுங்கள்.

முதலாவது, நீல நிறக் கார். பத்தரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நீளம். முன்னால் நான்கு விளக்குகள். அடித்தட்டில் 'ஜாகுவார்' என்று தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் 'மார்க் எக்ஸ்'. அதற்கு மேலே ஒரு பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிகின்றன: கே, ஒய். அடுத்து 'டாய்ஸ்'. 'மேட் இன்' என்பதற்குப் பிறகு ஒரே அழுக்கு. பெயின்ட் தடிப்பாக இருக்கிறது, சில இடங்களில் கொப்புளம்.

இரண்டாவது, விரல் நீளச் சிவப்பு டபுள் டெக்கர் பஸ். சக்கரம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். அடியில் 'லெஸ்னி' என்று இருக்கிறது.

மூன்றாவது, பெயரே இல்லாத ஒரு லாரி. உடம்பெல்லாம் விரிசல். ஒரு மூலை கையோடு உதிர்ந்து வந்துவிட்டது.

தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் மூன்றையும் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

காந்தம்72:
கே, ஒய், டாய்ஸ் என்றால் டிங்கி டாய்ஸ்தான், வேறென்ன. இங்கிலாந்தின் பழைய பொம்மைக் கார் பிராண்ட், லிவர்பூல் சரக்கு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். உடம்பில் ஒட்டினால் தகர பொம்மை. ஒட்டாவிட்டால் துத்தநாகக் கலவையில் வார்த்தது.

பழைய அச்சு:
உறையூரான் சார், முதலில் பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெயின்டைச் சுரண்டினால் சேகரிப்பவர்களுக்கு அதன் மதிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். கீறலும் தேய்மானமும் இருந்தாலும் பழைய பெயின்ட் பழைய பெயின்ட்தான்.

பஸ் சுலபம். லெஸ்னி என்றால் மேட்ச்பாக்ஸ் குட்டிக் கார்களைத் தயாரித்தவர்கள். 1947இல் லண்டனில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் தங்கள் பெயர்களை ஒட்டவைத்துத் தொடங்கிய கம்பெனி. இருவரும் ஸ்மித் என்றாலும் உறவுக்காரர்கள் கிடையாது. உங்களுடையது 5ஆம் எண் லண்டன் பஸ். சாம்பல் சக்கரம் இருப்பதால் 1950களின் கடைசி அல்லது 60களின் முற்பகுதி. சும்மா துடைத்து வையுங்கள், போதும்.

ஜாகுவார்தான் ருசியான கேள்வி. காந்தம் சார் சொன்னது பாதி சரி, ஆனால் பெயரின் வாலை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மார்க் எக்ஸ் நிஜக் கார் 1961இல் வந்தது. வந்த சூட்டில் இங்கிலாந்து பொம்மைக் கம்பெனிகள் எல்லாம் அதை வார்த்துத் தள்ளின. டிங்கியில் 142ஆம் எண், கார்கியில் 238, ஸ்பாட்-ஆனில் ஒன்று, மேட்ச்பாக்ஸில் 28. எழுத்து தேய்ந்திருந்தாலும் இவற்றைப் பிரித்துவிடலாம்.

நிஜக் காரின் நீளம் சுமார் 5.13 மீட்டர். ஸ்பாட்-ஆன்காரர்கள் 1:42 அளவை, அதாவது நிஜக் காரில் 42இல் ஒரு பங்கு என்பதை, விடாப்பிடியாகக் கடைப்பிடித்தவர்கள், அதனால் அவர்களுடையது பன்னிரண்டு சென்டிமீட்டர் வரும். மேட்ச்பாக்ஸ் ஏழுதான். இரண்டும் உங்களுடையது இல்லை. மீதி டிங்கி, கார்கி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம், அங்கேதான் பலர் குழம்புவார்கள். பானட்டைத் தூக்கிப் பாருங்கள். கார்கியில் பானட், டிக்கி இரண்டும் திறக்கும். டிங்கியில் டிக்கி மட்டும்தான் திறக்கும், உள்ளே இரண்டு குட்டி சூட்கேஸ் இருக்கும்.

அப்புறம் அடித்தட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். முழுக் காரையும் ஊறவைக்காதீர்கள், அச்சுக்கம்பி துருப்பிடிக்கும். பித்தளை பாலிஷ் பக்கமே போக வேண்டாம். கே எழுத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, பெரியப்பா எந்த ஊரில் இருந்தார்?

மலைரயில்:
லாரியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதற்கு வந்திருப்பது ஜிங்க் பெஸ்ட். வார்க்கும்போது துத்தநாகத்தில் ஈயமோ காட்மியமோ கொஞ்சம் கலந்துவிட்டால், வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே ஊதி, வளைந்து, வெடித்து உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளுக்கும் ஹார்ன்பி பொம்மை ரயில்களுக்கும் இதுதான் சாபம். பட்டறைத் தரையில் சிந்திய துண்டுகளையும் சேர்த்து உருக்கினால் இப்படித்தான். சுத்தமான துத்தநாகத்தில் 4 சதவீதம் போல அலுமினியம் சேர்த்த நல்ல கலவை 60, 70 வருடம் கழித்தும் அப்படியே நிற்கிறது. இதற்கு மருந்து கிடையாது. பெயின்ட் அடித்தாலும் உள்ளே வெடிப்பது நிற்காது. சூடு, ஈரம் ஏறி இறங்காத இடத்தில் வைத்தால் மெதுவாகும், அவ்வளவுதான்.

மற்றவற்றுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம், இது தொற்று இல்லை. ஜாகுவாரின் கொப்புளமும் இது இல்லை என்றே நினைக்கிறேன். கொப்புளத்துக்கு அடியில் வெள்ளைத் தூள் இருந்தால் மேலோட்டமான ஈர அரிப்பு. விரிசல் வலைபோல ஓடினாலோ, கதவுக் கோடுகள் வளைந்திருந்தாலோதான் கவலை.

உறையூரான்:
எல்லோருக்கும் நன்றி. காந்தம் உடம்பில் ஒட்டவில்லை. பானட் திறக்கவில்லை. டிக்கி திறக்கிறது, சூட்கேஸ் ஒன்றையும் காணோம். கொப்புளத்துக்கு அடியில் வெள்ளைத் தூள்தான், விரிசல் இல்லை.

கழுவியதும் எழுத்து தெரிந்தது. கே எழுத்துக்கு முன்னால் சி இருக்கிறது. முதல் எழுத்து டி இல்லை, என். 'நிக்கி டாய்ஸ்'! 'மேட் இன்' அடுத்து 'இந்தியா'. அந்த இடம் மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கரடுமுரடாக இருக்கிறது. பெரியப்பா ரயில்வேயில் இருந்தார், 1970 வாக்கில் சில வருடம் கல்கத்தாவில் வேலை.

பழைய அச்சு:
கல்கத்தா என்றதும் முடிச்சு அவிழ்ந்தது. அதற்காகத்தான் ஊரைக் கேட்டேன்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பொம்மைகளை இங்கே கொண்டுவருவது பெரும்பாடு, அத்தனை இறக்குமதிக் கட்டுப்பாடு. டிங்கியைத் தயாரித்த மெக்கானோ கம்பெனி, தனக்கு வேண்டாத சில வார்ப்பு அச்சுகளை 1960களின் கடைசியில் கல்கத்தாவின் எஸ். குமார் அண்ட் கோவுக்குக் கொடுத்தது. டிங்கி என்ற பெயரை மட்டும் கொடுக்கவில்லை. அதனால் இங்கே நிக்கி டாய்ஸ் என்று வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துதான் மாறும், அச்சில் அதைத் திருத்தியதால்தான் அந்த இடம் கரடுமுரடு. மார்க் எக்ஸ் மட்டுமல்ல, ஜாகுவார் ஈ டைப், மெர்சிடிஸ் 220 எஸ்இ, ஃபோக்ஸ்வேகன் 1500 எல்லாம் நிக்கியில் உண்டு.

காந்தம்72:
அட, அப்படியென்றால் டூப்ளிகேட்டா?

பழைய அச்சு:
இல்லவே இல்லை. பார்த்துச் செய்த நகல் என்றால் அளவு சுருங்கும், கோடுகள் மழுங்கும். இது லிவர்பூலில் டிங்கி வார்த்த அதே அச்சில் வார்த்தது. பெயின்ட் தடிப்பு, ஓரங்களில் பிசிறு என்று வேலைப்பாடு டிங்கி அளவுக்கு இருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால் நம் ஊர்ச் சேகரிப்பாளருக்கு லிவர்பூல் டிங்கியைவிட இதுதான் சுவாரசியம். டிங்கி எங்கும் கிடைக்கும். பிற்பாடு ஹாட் வீல்ஸ் இங்கே 'லியோ' பெயரோடு வந்ததே, அதையும் அடியைப் பார்க்காமல் ஒதுக்கியவர்கள் இன்று தேடி அலைகிறார்கள்.

விற்கும்போது சிலர் 'டிங்கி' என்று போட்டுவிடுவார்கள், அதைச் செய்யாதீர்கள். அட்லஸ் என்ற பெயரில் சீனாவில் வார்த்த புதிய டிங்கி மறுபதிப்புகளும் சந்தையில் நிறைய. வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காமல் ரிவெட் (அடித்தட்டை உடம்போடு பிடிக்கும் ஆணி), டயர், அடித்தட்டு மூன்றையும் பாருங்கள்.

உறையூரான்:
பெரிய நிம்மதி. பட்டறைக்கு அனுப்பவில்லை. கடைசியாக ஒன்று: ரப்பர் டயர் இரண்டு கல்லாகி வெடித்துவிட்டன. மாற்றலாமா? மறுபடி அந்த டிரங்குப் பெட்டியிலேயே அந்துருண்டை போட்டு வைக்கட்டுமா?

மலைரயில்:
டயர் மாற்றுவதில் தப்பில்லை, டிங்கி அளவுக்குப் புதிய ரப்பர் டயர்கள் தனியாக விற்கிறார்கள். உட்புற விட்டத்தை அளந்து வாங்குங்கள். பழைய டயர்களைத் தூக்கிப் போடாமல் ஒரு சின்னக் கவரில் போட்டு, காரோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்துருண்டை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், ஜன்னல் கண்ணாடி மங்கிப்போகும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போதும். லாரியைத் தனி டப்பாவில் பஞ்சு மேல் வையுங்கள், தொற்றுக்காக இல்லை, உதிரும் துண்டுகள் தொலையாமல் இருக்க.

பழைய அச்சு:
லாரியின் அடித்தட்டைப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. பெயர் இல்லாவிட்டாலும் ரிவெட் போட்ட விதத்தை வைத்து ஏதாவது சொல்லமுடியுமா என்று பார்க்கிறேன்.