மாமாவின்ர லப்டொப்பும் போன கறண்டும்

*விசுவமடுச் சொந்தங்கள்*

*சின்ன மாமா:* தம்பி நிக்கிறியோ? அப்டேட் போய்க்கொண்டிருக்கேக்க கறண்ட் போட்டுது. லப்டொப் பற்றரி செத்தது தெரியும்தானே.

*சின்ன மாமா:* இப்ப திறக்குது. ஆனா நீ காட்டித்தந்த கறுப்புப் பெட்டியில, அதுதான் டெர்மினலில, அப்டேட் எண்டு அடிக்க ஏதோ பிழை எண்டு நிக்குது.

*மாமி:* அப்பவே சொன்னனான், இருந்த விண்டோஸை விடுங்கோ எண்டு.

*நான்:* மாமி, விண்டோஸ் 10இன்ர வழமையான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14 ஓட முடிஞ்சுது. 11 போட டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் கேக்கும், அந்தப் பழசில எங்க இருக்கு?

*பெரியக்கா:* பென்ட்ரைவில ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துத்தானே சுபுண்டு எண்ட லினக்ஸ் போட்டவர்.

*சின்ன மாமா:* ஓம். வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்த பிறகுதான் ஓமெண்டனான்.

*சின்ன மாமா:* 📷 படம்

*நான்:* பயப்பிடாதேங்கோ. மென்பொருள் பக்கேஜ் பதியிறது அரைவாசியில நிண்டுட்டுது. என்ன அடிக்கவேணும் எண்டு அதுவே சொல்லுது பாருங்கோ, சுடோ எண்டு தொடங்கிறதை (sudo dpkg --configure -a) அப்பிடியே அடியுங்கோ. கொன்ஃபிகருக்கு முன்னால கோடு ரெண்டு, கடைசி ஏக்கு முன்னால ஒண்டு. இடைவெளியை விட்டிடாதேங்கோ.

*சின்ன மாமா:* பாஸ்வேர்ட் கேக்குது. அடிக்க ஒண்டும் விழேல்லை. கீபோட்டும் போட்டுதோ?

*நான்:* 😄 விழாது மாமா, புள்ளிகூடக் காட்டாது. பாக்காமல் அடிச்சு என்டரைத் தட்டுங்கோ.

*சின்ன மாமா:* ஓடுது ஓடுது. மழை மாதிரி எழுத்துக் கொட்டுது.

*மாமி:* தேத்தண்ணி ஆறுது.

*சின்ன மாமா:* நிண்டிட்டுது. திரும்ப அப்டேட் குடுத்தன், பிழை ஒண்டுமில்லை 👍

*நான்:* இனிக் கறண்ட் நிலையா இருக்கேக்க போடுங்கோ. உங்கட 24.04, அதாவது 2024 ஏப்ரல் பதிப்பு. சுபுண்டுவுக்கு 3 வருசம், 2027 வரை அப்டேட் வரும்.

*சின்ன மாமா:* அது கிடக்கட்டும். கமக்காரர் அமைப்புக் கடிதத்தைத் திறந்தால் முழுக்க இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியும். நாளைக்குக் கூட்டம்!

*நான்:* அது பாமினியில அடிச்சது. அந்த எழுத்துரு இல்லாட்டி அப்பிடித்தான் காட்டும். அக்கா, உங்கட விண்டோஸில இருந்து பாமினி ஃபைலை அனுப்புங்கோ.

*பெரியக்கா:* 📎 பாமினி

*நான்:* மாமா, ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலோட எச் அமத்த ஒளிச்சிருக்கிற ஃபோல்டரெல்லாம் தெரியும். முன்னால புள்ளி வைச்சு ஃபொன்ட்ஸ் (.fonts) எண்டு ஒண்டு இருக்கோ? இல்லாட்டி அந்தப் பேரில உண்டாக்கி, இதை உள்ள போட்டிட்டு கடிதம் திறக்கிற ரைட்டரை மூடித் திறவுங்கோ.

*சின்ன மாமா:* வந்திட்டுதடா! ஆனா வரி கொஞ்சம் விலகி, தலைவற்ற பேர் ரெண்டாம் பக்கத்துக்குப் போட்டுது.

*நான்:* மார்ஜினைக் குறைச்சால் மேல வரும்.

*சின்ன மாமா:* வேண்டாம், விடு. அவர் பெரிசாத்தான் கையெழுத்து வைக்கிறவர்.