மோட்டாரை 120-ல் நிறுத்தினால் ஆல்டிமீட்டர் 151 காட்டுது, எஃப்5ஜே ஆட்கள் உதவுங்க

கோபாலபுரம்_கிளைடர் | வியாழன் இரவு 9:42

வணக்கம்ங்க. ஞாயித்துக்கிழமை எஃப்5ஜே போட்டி (மோட்டார்ல ஏறி, அதை நிறுத்திட்டு மிதக்கற ரேடியோ கிளைடர்), அதனால அவசரம். 120 மீட்டர்ல மோட்டாரை நிறுத்தறேன். இறங்கினதும் மாடல்ல இருக்கற ஆல்டிமீட்டரை (உயரம் எழுதற கருவி) பார்த்தா 151. அடுத்த பறப்பு 148, அதுக்கடுத்து 153. மூணு தடவையும் 30 மீட்டர் அதிகம். ஆல்டிமீட்டர் கெட்டுப்போச்சா, இல்ல செட்டிங் ஏதாவது மாத்தணுமா? புதுசு வாங்கணும்னா நாளைக்கே சொல்லி வைக்கணும்.

வேலந்தாவளம்_வானம் | 9:58

வாங்கறதுக்கு முன்னாடி சில விவரம் வேணும்.
120-ன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது? கண்ணளவா, ரேடியோவுல வர்ற குரலா?
மோட்டார் எதுல? சுவிட்சா, ஸ்லைடரா?
120-ஐத் தொட எத்தனை நொடி ஆகுது?
ஆல்டிமீட்டர் ஃப்யூசலேஜுக்குள்ள (மாடலோட உடம்பு) எங்க இருக்கு, பக்கத்துல காத்து போற வழி இருக்கா?
லாக் (ஆல்டிமீட்டர் பதிவு செஞ்ச உயரக் கோடு) இருந்தா மோட்டார் நின்னதுக்கு 5 நொடி முன்னாடியும் 10 நொடி பின்னாடியும் கோடு எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க. அந்த 15 நொடியில பாதி பதில் இருக்கு.

பேரோமீட்டர்_பிரியன் | 10:07

இது வளிமண்டல அழுத்தம்தாங்க. நம்ம பக்கம் காலையில 10 மணி வாக்குல அழுத்தம் உச்சத்துல இருக்கும், சாயங்காலம் 4 மணிக்கு அடியில போயிடும். அழுத்தம் குறைஞ்சா ஆல்டிமீட்டர் உயரம் கூடினதா நினைச்சுக்கும். பேட்டரி மாட்டி ரொம்ப நேரம் வரிசையில நிக்கறீங்களா? விடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கழட்டி மாட்டுங்க, அப்ப இருக்கற அழுத்தத்தைப் பூஜ்யமா எடுத்துக்கும், சரியாயிடும்.

பழைய_கை | 10:21

இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு தடவை வருது. விதியை ஒரு தடவை படிச்சிருந்தா இழையே தேவைப்பட்டிருக்காது. தம்பி, எஃப்5ஜேல எழுதறது மோட்டார் நின்ன இடத்து உயரம் இல்ல. கையை விட்டதுலேருந்து மோட்டார் நின்னு 10 நொடி வரைக்கும் தொட்ட அதிகபட்ச உயரம். மோட்டார் நின்னப்புறமும் வேகத்துல மாடல் மேல ஏறும். வேகத்தோட வர்க்கத்தை 19.6-ஆல வகுங்க. நொடிக்கு 18 மீட்டர்ல போனா பதினாறரை மீட்டர். இதுல ஆல்டிமீட்டர் மேல என்ன குத்தம்?

வேலந்தாவளம்_வானம் | 10:40

10 நொடி விதி சரி. ஆனா கணக்கு முழுசா இல்ல. வேகம் மொத்தத்தையும் உயரமா மாத்த முடியாது, மேல போய்ப் பறக்கறதுக்கு நொடிக்கு 7 மீட்டராவது மிச்சம் வேணும். 18-லேருந்து 7-க்கு இறங்கினா 14 மீட்டர். 12-லேருந்து 7-க்கு 5 மீட்டர்தான். செங்குத்தா ஏறற எஃப்5ஜே மாடல் 12 பக்கம்தான் இருக்கும். அதனால 30-க்கு இது மட்டும் காரணமா இருக்காது.

பிரியன் சொன்னதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 மணிக்கும் 4 மணிக்கும் நடுவுல இங்க சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் குறையும். பொள்ளாச்சி உயரத்துல 1 ஹெக்டோபாஸ்கல் சுமார் 9 மீட்டர். ஆக ஆறு மணி நேரத்துக்கு 27 மீட்டர், கால் மணிக்கு 1 மீட்டர் சொச்சம். வரிசையில நின்னதால 30 வராதுங்க.

கோபாலபுரம்_கிளைடர் | வெள்ளி காலை 6:15

ரேடியோ குரல்தான். வேரியோ (உயரத்தை ரேடியோவுக்கு அனுப்பற கருவி) தனியா இருக்கு, 10 மீட்டருக்கு ஒரு தடவை சொல்லும். 120-ன்னு கேட்டதும் ஸ்லைடரைக் கீழ இழுப்பேன். 13-14 நொடியில 120 சொல்லிடுது. மாடல் 3.6 மீட்டர், 1450 கிராம், 3எஸ் (மூணு செல்) பேட்டரி, 16க்கு 8 இஞ்ச் ப்ராப் (மூக்கு விசிறி). லாக் எடுக்கற கேபிள் இல்ல.

மீனாட்சிபுரம்_ரேடியோ | 7:02

இப்பத்தான் விஷயம் வெளிய வருது. நீங்க ரெண்டு கருவியை ஒப்பிட்டுட்டு இருக்கீங்க. வேரியோ அளவைச் சமன் செஞ்சு அனுப்பறதுல ஒரு அரை நொடி போகும். "நூற்று இருபது மீட்டர்"னு சொல்லி முடிக்க ஒரு நொடி. காதுல விழுந்து விரல் அசைய இன்னும் கொஞ்சம். ஒன்றரை நொடிக்குக் குறையாது. 13-14 நொடியில 120-ன்னா நொடிக்கு 9 மீட்டர் ஏறுது. அதுலயே 13-14 மீட்டர் போயாச்சு.

அடுத்து ஸ்லைடர். மோட்டார் சேனல்ல ஸ்லோ (விசையை மெதுவா மாத்தற செட்டிங்) வச்சிருக்கீங்களான்னு பாருங்க. மெதுவா ஏறட்டும்னு வச்சிருப்பாங்க, இறங்கும்போதும் அதே ஸ்லோ வேலை செய்யும். ஒன்றரை நொடி ஸ்லோ இருந்தா பாதி விசையில மாடல் இன்னும் 8 மீட்டர் ஏறிடும். ஆல்டிமீட்டர் மோட்டார் சிக்னலைத்தான் பார்க்குது. அது கீழ் எல்லையைத் தாண்டறவரைக்கும் "ஓடுது"ன்னுதான் எழுதும், 10 நொடியும் அங்கேருந்துதான் தொடங்கும்.

தாமதம் 14, ஸ்லோ 8, வேகத்தால ஏறினது 5. மொத்தம் 27. பாக்கி 3-4 மீட்டர், மாடலுக்குள்ள காத்து ஓடறதால வர்ற அழுத்தப் பிழையா இருக்கலாம். கருவி நல்லாத்தான் இருக்கு, வாங்காதீங்க.

ஸ்லைடரை எடுத்துட்டு ரெண்டு நிலை சுவிட்ச் வைங்க. இறங்கற பக்கம் ஸ்லோ பூஜ்யம். இஎஸ்சில (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற கருவி) பிரேக் போட்டிருக்கணும், இல்லன்னா ப்ராப் மடங்காம சுத்திட்டே இருக்கும், கிளைடும் கெட்டுப்போகும். ஸ்லைடர்ல இன்னொரு ஆபத்து, ட்ரிம் தொடப்போய் கை பட்டு மோட்டார் மறுபடி ஓடினா அந்தச் சுற்றே பூஜ்யம்.

கொழிஞ்சாம்பாறை_கிளைட் | 7:30

ரேடியோ சொன்னதுக்கு மேல ஒண்ணு. ஞாயித்துக்கிழமை அந்தக் குரலே இருக்கக்கூடாது. எஃப்5ஜே விதிப்படி பறக்கும்போது உயரம், ஏற்ற இறக்கம், வேகம் எதையும் மாடல்லேருந்து பைலட்டுக்கு அனுப்பக்கூடாது. சிக்னல் பலமும் ரிசீவர் பேட்டரி வோல்டேஜும் மட்டும் வரலாம். உள்ளூர்ப் போட்டியில தளர்த்தியிருந்தா நடத்தறவங்ககிட்ட இன்னைக்கே கேட்டுக்கோங்க. இல்லன்னா வேரியோவைக் கழட்டிட்டுப் போங்க.

குரல் இல்லாம உயரம் பிடிக்க நொடி எண்ணறதுதான் வழி. டைமர் வச்சுக்கத் தடை இல்ல. சுவிட்ச் போட்டதும் டைமர் ஓடட்டும், நொடிக்கு ஒரு பீப். முழுசா சார்ஜ் பண்ணின பேட்டரியில ஒரே கோணத்துல 8 நொடி, 10 நொடி, 12 நொடி ஏத்தி நிறுத்துங்க, ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை. ஆல்டிமீட்டர் என்ன எழுதுதோ அதுதான் உங்க அட்டவணை. பேட்டரி பாதி தீர்ந்திருந்தா ஏற்றம் குறையும், கணக்குத் தப்பிடும்.

விடிகாலையில செய்யுங்க. வெயில் ஏறினா கணவாய்க் காத்து தரையில ஒண்ணு, 100 மீட்டர்ல இன்னொண்ணுன்னு இருக்கும். எதிர்காத்துல ஏறும்போது மேல காத்து பலமாச்சுன்னா மாடலுக்கு இலவசமா உயரம் கிடைச்சு அட்டவணை பொய்யாகும்.

பழைய_கை | 8:11

நொடி எண்ணறது தொடக்கக்காரங்க வேலை. நிறுத்தறதுக்கு ஒரு நொடி முன்னாடி எலிவேட்டரைத் தள்ளி மூக்கைக் கிடையா கொண்டு வாங்க. வேகத்தை அப்படியே 10 நொடி பிடிச்சு வச்சு, அப்புறம் இழுத்து மேல ஏத்துங்க. ஆல்டிமீட்டர் கம்மியா எழுதும், உயரம் கையில இருக்கும். தெரிஞ்சவங்க செய்யறது இதுதான்.

கொழிஞ்சாம்பாறை_கிளைட் | 8:34

இது லாபம் இல்லைங்க, கணக்குப் பாருங்க. 18-ல வேகம் பிடிச்சு வச்சா அப்புறம் கிடைக்கறது 14 மீட்டர், எழுதின உயரத்துக்கு மீட்டருக்கு அரைப் புள்ளி கழியும்னா 7 புள்ளி. ஆனா 18 வேகத்துல நொடிக்கு 1 மீட்டருக்கு மேலயே இறங்கும், 10 நொடியில 10 மீட்டருக்கு மேல காலி. அந்த 10 நொடியும் நேர்கோட்டுல ஓடறதால தெர்மல் (மேல எழும்பற சூடான காத்து) தேடவும் முடியாது. விதியில 10 நொடி வச்சதே இந்த வித்தை செல்லாமப் போகணும்னுதான்.

பழைய_கை | 8:52

காகிதத்துல எல்லாம் சரிதான். நல்ல ஏர்ஃபாயில் (ரெக்கை வடிவம்), பேலஸ்ட் (கூடுதல் எடை) போட்ட மாடல்ல 18-ல அவ்வளவு இறங்காது. எல்லாரும் 1450 கிராம்லயே பறக்கறாங்களா?

கொழிஞ்சாம்பாறை_கிளைட் | 9:05

கேட்டவர் பறக்கறது 1450 கிராம்லதாங்க. அவருக்கு இந்த ஞாயிறு என்ன உதவும்னு பேசுவோம். பேலஸ்ட் போட்டா ஏற்றமும் குறையும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

பேரோமீட்டர்_பிரியன் | 9:20

200-க்குக் கீழயே நிறுத்தினா எல்லாம் ஒண்ணுதானே, இந்த 30 மீட்டருக்கு இவ்வளவு பேச்சா?

மீனாட்சிபுரம்_ரேடியோ | 9:41

ஒண்ணு இல்லீங்க. 200 வரைக்கும் மீட்டருக்கு அரைப் புள்ளி கழியும், 200-க்கு மேல மீட்டருக்கு 3. இவருக்கு 31 மீட்டர்னா ஒவ்வொரு சுற்றுலயும் பதினைஞ்சரைப் புள்ளி. லேண்டிங்ல 1 மீட்டருக்குள்ள 50, அப்புறம் மீட்டருக்கு 5 குறையும். ஆக குறியில இறங்காம 4 மீட்டர் தள்ளி இறங்கினதுக்குச் சமம். சேர்ந்து பறக்கற குரூப்ல முதல் ஆள் 590 எடுத்து, அதை 1000-ன்னு வச்சு மத்தவங்க புள்ளியையும் அதே விகிதத்துல மாத்தினா, பதினைஞ்சரை 26 ஆயிடும். நாலு சுற்றுக்கு 100-க்கு மேல.

வேலந்தாவளம்_வானம் | 10:15

அந்தப் பாக்கி 3-4 மீட்டருக்கு வர்றேன், அதை விட்டுடக்கூடாது. மோட்டாருக்குக் குளிர்காத்து போக மூக்குல ஓட்டை இருந்தா, வெளியேற வழி எங்க இருக்குங்கறது முக்கியம். வெளியேறும் ஓட்டை பக்கவாட்டுல பெருசா இருந்தா உள்ளே உறிஞ்சும், அழுத்தம் குறையும், ஆல்டிமீட்டர் கூடுதலா எழுதும். முன் ஓட்டை பெருசு, பின் ஓட்டை சின்னதுன்னா எதிர்ப்பக்கம் போகும், கம்மியா எழுதும். எவ்வளவுன்னு கேட்டா, காத்தோட்ட அழுத்தத்தை மீட்டர்ல சொன்னாலும் அதே வாய்ப்பாடுதான், வேகத்தோட வர்க்கம் வகுத்தல் 19.6. 12 வேகத்துக்கு 7 மீட்டர். அதுல பாதி உள்ளே வந்தாலே மூன்றரை மீட்டர் பிழை.

தரையில பாருங்க. ஒருத்தர் மாடலை ரெக்கைக்குப் பின்னாடி ரெண்டு கையாலயும் கெட்டியா பிடிக்கணும், ப்ராப்புக்கு நேரா பக்கவாட்டுல யாரும் நிக்கக்கூடாது, 16 இஞ்ச் பிளேடு. 5 நொடி முழு விசை, நிறுத்தி ஆல்டிமீட்டரைப் படிங்க. 1 மீட்டருக்குள்ள இருந்தா கவலை இல்ல. 3, 4 காட்டினா கருவி காத்து வழியில உட்கார்ந்திருக்கு. இஎஸ்சி பக்கத்துலேருந்து எடுத்து ரெக்கைக்கு அடியில காத்து ஓடாத இடத்துல வைங்க. மேல கறுப்பு ஸ்பாஞ்ச் ஒரு துண்டு மூடுங்க, இறுக்கிக் கட்டாம. ஸ்பாஞ்ச் காத்தையும் அடக்கும், வெளிச்சத்தையும் மறைக்கும். மெல்லிய வெள்ளை ஃபைபர் மூக்குல வெயில் ஊடுருவும், அழுத்த சென்சார்ல சிலது வெளிச்சம் பட்டாலே தடுமாறும்.

லாக் கிடைச்சா பிழை எதுன்னு பார்வையிலயே தெரியும். நிஜமா ஏறினதுன்னா கோடு ரெண்டு மூணு நொடி வளைஞ்சு ஏறி அங்கயே நிக்கும். அழுத்தப் பிழைன்னா ப்ராப் மடங்கினதுமே படக்குன்னு கீழ விழும்.

எல்லை_பைலட் | 11:03

இடையில ஒரு சந்தேகம். 2021 ட்ரோன் விதியில பச்சை மண்டலம் (அனுமதி கேக்காம பறக்கற இடம்) 400 அடி வரைக்கும்தானே? அது 120 மீட்டர். அப்ப 150 எப்படி?

கொழிஞ்சாம்பாறை_கிளைட் | 11:19

சரியாத்தான் கேக்கறீங்க. 400 அடிக்கு மேல பச்சை இடமும் மஞ்சளாயிடும், அனுமதி வேணும். விமான நிலைய எல்லையிலேருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரைக்கும் பச்சை 200 அடிதான். போட்டிக்கு அனுமதி நடத்தறவங்க வாங்கணும், பயிற்சிக்கு நாமதான் வரைபடம் பார்த்துட்டுப் போகணும். இதைத் தனி இழையில பேசலாம். கோபாலபுரத்துக்காரருக்குப் பயிற்சி 120-க்குள்ள இருந்தாலே போதும்.

பழைய_கை | 11:30

60-70ல நிறுத்திப் பழகுங்க, இந்தக் கேள்வி எதுவுமே வராது.

வேலந்தாவளம்_வானம் | 11:44

அண்ணா, காலை முதல் சுற்றுல தெர்மல் கிளம்பறதுக்கு முன்னாடி 60-ல நிறுத்திட்டு 4 நிமிஷத்துல இறங்கினா, 10 நிமிஷப் பறப்புல 6 நிமிஷம் போச்சு, நொடிக்கு ஒண்ணுன்னு 360 புள்ளி. 120-க்குப் பதிலா 60-ல நிறுத்தி உயரத்துல மிச்சம் பிடிச்சது 30. முதல்ல அவர் நினைச்ச உயரத்துல நிறுத்தப் பழகட்டும். அப்புறம் எவ்வளவு தாழ்வாங்கறதைக் காத்து சொல்லும்.

கோபாலபுரம்_கிளைடர் | சனி காலை 8:20

ஸ்லோ ஒன்றரை நொடி இருந்துச்சு, எடுத்தாச்சு. சுவிட்ச் மாத்தியாச்சு. வேரியோ கழட்டியாச்சு. ஆல்டிமீட்டர் இஎஸ்சியை ஒட்டி இருந்துச்சு, தள்ளி வச்சு ஸ்பாஞ்ச் போட்டேன். 8 நொடி 79, 78. 10 நொடி 97, 96. 12 நொடி 115, 115. ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்.

மீனாட்சிபுரம்_ரேடியோ | 8:36

நொடிக்கு 9 சுத்தமா வருது. இந்த ஆறு எண்ணையும் ரேடியோ பின்னாடி டேப்ல எழுதி ஒட்டுங்க. ஞாயிறு காத்து அடிச்சா ஒரு நொடி முன்னாடியே நிறுத்துங்க.

வேலந்தாவளம்_வானம் | 8:50

இடம் மாத்தறதுக்கு முன்னாடி தரையில ஓட்டிப் பார்த்தீங்களா? எத்தனை மீட்டர் காட்டுச்சு? அது தெரிஞ்சா அழுத்தப் பிழை எவ்வளவுன்னு உறுதியாயிடும்.

வேலந்தாவளம்_வானம் | திங்கள் இரவு 7:05

தம்பி, அந்தத் தரைச் சோதனை எண்ணை மட்டும் போட்டுடுங்க.